கதவருகே ஒரு கோப்பு

(குழந்தையும் சட்டமும் என்ற பொருளில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஆண்டுதோறும் குழந்தைகளையும் சட்டத்தையும் சேர்த்துவைத்து ஒருவர் பேச வேண்டும் என்பதுதான் அவர் விதித்த ஒரே நிபந்தனை. இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்டிருப்பது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் திருநர் குழந்தைகளை வளர்க்கும் பெற்றோரின் நிலை. நம் ஊரிலேயே பேச எவ்வளவோ இருக்க, டெக்சாஸ் எதற்கு என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் கேட்டார். நம் ஊருக்கும் வருகிறேன். பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும் பெற்றோரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஓர் அரசு முனைந்தால் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று டெக்சாஸ். அங்கே நம் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை எனக்குத் தெரியும்.

2022 பிப்ரவரி 18 தேதியிட்டு, டெக்சாஸின் அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் ஒரு சட்டக் கருத்துரை எழுதினார். திருநர் சிறுவர் சிறுமியருக்குப் பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்தோ ஹார்மோனோ கொடுப்பது, மாநிலச் சட்டப்படி குழந்தை வதையாகலாம் என்றது அது. நான்கு நாள் கழித்து ஆளுநர் கிரெக் ஆபட் மாநிலக் குடும்ப நலத் துறை ஆணையருக்குக் கடிதம் அனுப்பினார். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகர். இப்படிப்பட்ட சிகிச்சை நடப்பதாகத் தகவல் வந்தால் பெற்றோரை உடனே விசாரியுங்கள் என்பது கடிதத்தின் சாரம். மருத்துவர், செவிலியர், ஆசிரியர் எல்லோரும் தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் மறைத்தால் தண்டனை உண்டு, பொதுமக்களுக்கும் அந்தக் கடமை உண்டு என்றும் அதில் இருந்தது. மார்ச் 1 அன்று அவர்கள் இருவரின் கட்சியிலும் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். சட்டமன்றம் அப்போது கூடியிருக்கவில்லை. இதே கருத்தைச் சட்டமாக்க முந்தைய ஆண்டு கொண்டுவந்த மசோதா மேலவையில் நிறைவேறி, கீழவையில் தேங்கி நின்றுபோயிருந்தது. அங்கே முடியாமல் போனதைக் கடிதத்தின் வழியே முடிக்கப் பார்த்தார்கள்.

சில நாட்களிலேயே விசாரணை அதிகாரி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுத் தாய் அதே குடும்ப நலத் துறையில் வேலை பார்த்தவர். குழந்தை வதை பற்றி வரும் புகார்களைப் பரிசீலிப்பதே அவர் பணி. பதினாறு வயது மகளுக்கு அவர் பெற்றுத் தந்த சிகிச்சைக்காக அவரையே விடுப்பில் அனுப்பிவிட்டு, அவர் வீட்டையே விசாரித்தார்கள். இவர்கள் பெயர் மறைத்துத் தொடுத்த வழக்கில், டிராவிஸ் மாவட்ட நீதிபதி ஏமி கிளார்க் மீச்சம் மார்ச் 11 அன்று மாநிலம் முழுவதற்கும் தடை விதித்தார். மே 13 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை வழக்குத் தொடுத்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னது: யாரை விசாரிப்பது என்று அந்தத் துறைக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆளுநருக்கும் இல்லை, அட்டர்னி ஜெனரலுக்கும் இல்லை.

சட்ட மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கட்டுப்படுத்தும் சக்தியே இல்லாத ஒரு கடிதம் அது. ஆனால் அதற்குள் மருத்துவமனைகள் சிகிச்சையை நிறுத்திவைத்திருந்தன. பள்ளிகளில் ஆசிரியர்கள் பயந்துபோயிருந்தார்கள். அந்தக் கடிதம் வெளியான அன்றே பதினாறு வயதுப் பையன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான் என்று ஜூன் மாதம் தொடுக்கப்பட்ட அடுத்த வழக்கின் மனு சொல்கிறது. காப்பாற்றி மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்த ஊழியர்களே, அவன் ஹார்மோன் எடுத்துக்கொள்வதை அறிந்து, பெற்றோர் மீது துறைக்குத் தகவல் கொடுத்தார்கள் என்றும் அதே மனு சொல்கிறது. பிள்ளை பிழைத்து வந்துவிட்டானே என்று மூச்சுவிடும் முன்பே அந்தத் தாய்க்கு விசாரணை. இதை அந்த மனுவில் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

ஹூஸ்டன் புறநகரில் நான் தங்கியிருந்த காலத்தில்தான் அந்தத் தமிழ்க் குடும்பம் பழக்கமானது. கணவர் மென்பொருள் வேலை. மனைவி வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவர். இரண்டு பிள்ளைகள். மூத்தவளைப் பிறந்தபோது ஆண்பிள்ளை என்று எழுதினார்கள். நான்கைந்து வயதிலிருந்தே தான் பெண் என்று அவள் சொல்லி வந்திருக்கிறாள். பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிப்பாள். பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனால் பிரசாதக் கடையில் புளியோதரை தீர்ந்துவிடுமோ என்பதுதான் அவளுடைய பெரிய கவலை. ஒரு நாள் அவள் அம்மா என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, எங்க ஃபைலுக்கு நீங்க ஒரு லெட்டர் எழுதித் தருவீங்களா?"

எந்த ஃபைல் என்று கேட்டேன். வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு தடித்த நீலக் கோப்பை எடுத்துவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். டெக்சாஸிலும் மற்ற பல மாநிலங்களிலும் திருநர் குழந்தைகளின் பெற்றோர் இப்படி ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக் கோப்பு என்பார்கள். துறை அதிகாரி கதவைத் தட்டினால் காட்டுவதற்கு. உள்ளே குழந்தை மருத்துவரின் கடிதம். மனநல ஆலோசகரின் கடிதம். பள்ளி மதிப்பெண் அட்டைகள். ஐந்து வயதில் அவள் தன்னையே வரைந்த படங்கள், பின்பக்கம் தேதியுடன். எல்லாப் படத்திலும் நீளத் தலைமுடி, பாவாடை. பிறந்தநாள் படங்கள் வருட வரிசையில். அண்டை வீட்டு ஸ்பானிஷ் பாட்டியின் கடிதம், பேண்ட் ஆசிரியரின் கடிதம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் அப்பாவைப் பெற்ற ஆச்சி கோடு போட்ட தாளில் தமிழில் எழுதிய கடிதமும் இருந்தது. அதனோடு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தது சரி என்ற உறுதிமொழித் தாளும் இணைத்திருந்தார்கள். ஆச்சி நீட்டி முழக்கவில்லை. என் பேத்தி நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகப் படிக்கிறாள், அவளை அடித்து நான் பார்த்ததில்லை, வீடியோவில் என்னிடம் தினமும் பேசுகிறாள் என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.

முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளை நான் மறக்க மாட்டேன். நீதிமன்ற ஆணை இல்லாமல் உள்ளே விட வேண்டியதில்லை. வழக்கறிஞரின் எண் இது. பிள்ளைகளைத் தனியாகப் பேசவிடாதீர்கள். ஆனால் பள்ளிக்கூடத்துக்கே போய்க் குழந்தையை விசாரிக்க அந்த மாநிலத்தில் துறைக்கு வழியுண்டு. அதற்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. அதனால் பிள்ளைக்கும் பாடம் சொல்லித்தர வேண்டியிருந்தது: யாராவது வந்து கேள்வி கேட்டால், அம்மா அப்பாவும் வக்கீலும் வரட்டும் என்று மட்டும் சொல், வேறெதுவும் சொல்லாதே. அதை அந்த அம்மா மகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்தேன். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல அவள் திருப்பிச் சொன்னாள். தம்பிக்கு ஆறு வயது. அவனுக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று பெற்றோருக்குத் தெரியவில்லை.

கடிதம் எழுத வழக்கறிஞர் தந்த குறிப்பு எளிமையானது. நல்ல தாய், அன்பான குடும்பம் என்றெல்லாம் எழுத வேண்டாம். கண்ணால் பார்த்ததை, எந்த மாதம் எங்கே பார்த்தேன் என்பதோடு எழுதுங்கள். அப்படியே எழுதினேன். பேண்ட் ஒத்திகை முடிந்து காரில் திரும்பும்போது அவள் தூங்கிப்போனதை, அப்பா அவளை எழுப்பாமல் கிளாரினெட் பெட்டியைத் தான் தூக்கிக்கொண்டு நின்றதை, காய்ச்சலில் கிடந்தபோது அம்மா கஞ்சி ஊட்டியதை. எழுதி முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்றும் அது தணியவில்லை. ஒரு பிள்ளையை வளர்ப்பது ஒரு வேலை. வளர்க்கிறோம் என்று நிரூபிப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவது வேலைக்குப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் முதல் வேலையிலிருந்து எடுக்கப்படுகிறது. கஞ்சி ஊட்டும்போதே இதைப் படமெடுத்து வைக்கவா என்று ஒரு தாய்க்குத் தோன்றினால், அந்த நிமிடம் அவளிடமிருந்து பறிபோயிற்று. இந்தச் சட்டங்கள் செய்யும் பெருங்கேடு அதுதான் என்று நான் நினைக்கிறேன். வழக்கில் வென்றாலும் தோற்றாலும் அந்த நேரத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அந்தக் குழந்தைப் பருவம் முழுவதையும் ஒரு சாட்சியம்போல வாழ்ந்து தீர்க்கும்படி ஆகிவிடுகிறது.

மருத்துவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில்தான் பொய் அதிகம். பருவமடையும் முன் இந்தக் குழந்தைகளுக்கு எந்த மருந்தும் கிடையாது. பெயர், உடை, தலைமுடி, கூப்பிடும் விதம், அவ்வளவுதான். பருவம் தொடங்கிய பிறகு, மதிப்பீடுகள் முடித்து, பெற்றோரும் பிள்ளையும் மருத்துவரும் ஒத்துக்கொண்டால், பருவ மாற்றங்களைத் தள்ளிப்போடும் ஊசி தரலாம். இதே மருந்து ஆறேழு வயதிலேயே வயதுக்கு வந்துவிடும் குழந்தைகளுக்கு 1980களிலிருந்து கொடுக்கப்பட்டு வருகிறது. ஹார்மோன் அதற்கும் பிந்தைய கட்டம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல் இந்த அணுகுமுறையை ஆதரித்துக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் அதை மறு உறுதி செய்தது.

எல்லா நாட்டு மருத்துவர்களும் ஒரே கருத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் குழந்தை மருத்துவர் ஹிலாரி காஸ் 2024 ஏப்ரலில் தந்த அறிக்கை, இந்த மருந்துகளுக்கான ஆய்வுச் சான்று வலுவற்றது என்றது. அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவை, பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்தை வழக்கமான சிகிச்சையாகத் தருவதை அதற்கு முந்தைய மாதமே நிறுத்தியிருந்தது. ஸ்வீடனும் ஃபின்லாந்தும் அதற்கு முன்பே கட்டுப்பாடுகளைக் கூட்டின. இந்த விவாதம் நேர்மையான விவாதம். பெற்றோரும் அதைப் படிக்கிறார்கள், மற்ற எவரையும்விட அதிகமாகப் படிக்கிறார்கள். ஆனால் சான்று போதவில்லை என்றால் செய்ய வேண்டியது ஆய்வு, கூடுதல் கவனம், நீண்ட காலக் கண்காணிப்பு. காஸ் அறிக்கை எந்தத் தாயையும் குழந்தை வதை செய்தவள் என்று சொல்லவில்லை. மருத்துவத்தில் சான்று குறைவாக உள்ள இடத்தை நிரப்ப விசாரணை அதிகாரியை அனுப்பும் வழக்கம் வேறெந்த நோய்க்கும் இல்லை.

ஆளுநரின் கடிதம் நீதிமன்றத்தில் சிக்கிக்கொண்டதும் சட்டமே வந்தது. மேலவை மசோதா 14. சாட்சி சொல்ல வந்த குடும்பங்கள் தலைநகர் ஆஸ்டினில் உள்ள சட்டமன்றக் கட்டடத்தின் தாழ்வாரங்களில் மணிக்கணக்கில் காத்திருந்து, முறை வந்ததும் இரண்டு நிமிடம் பேசினார்கள். இதற்கு முன்பே, 2021 ஏப்ரலில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மேலவைக் குழுவின் முன் அமர்ந்து, பெரியவர்கள் நல்ல முடிவு எடுக்கும்படி கேட்டுக்கொண்டிருப்பதில் தன் ஓய்வு நேரம் போவது தனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னாள். அந்தக் காணொளி உலகம் முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டு அவளும் அவள் தாயும் டெக்சாஸை விட்டே போனார்கள்.

2023 ஜூன் 2 அன்று ஆளுநர் கையெழுத்திட, செப்டம்பர் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட திருநருக்கு இந்தச் சிகிச்சைகள் தடை. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் படிப்படியாக நிறுத்த வேண்டும். மீறும் மருத்துவரின் உரிமம் ரத்து. 2024 அக்டோபரில் டல்லாஸ் பகுதி மருத்துவர் ஒருவர் மீது பாக்ஸ்டன் இந்தச் சட்டத்தின்படி முதல் வழக்கைத் தொடுத்தார்.

சட்டத்தில் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. சீக்கிரமே வயதுக்கு வரும் குழந்தைக்கு அதே மருந்தைக் கொடுக்கலாம். அப்போது அது ஆபத்தில்லை. இரண்டாவது விதிவிலக்கை நான் மூன்று முறை படித்துப் பார்த்தேன். இடைப்பால் உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்யத் தடையில்லை. பேச்சு வராத கைக்குழந்தையின் பிறப்புறுப்பை அறுவை செய்து ஆண் பெண் என்ற கட்டத்துக்குள் கொண்டுவருவதற்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. தானாகக் கேட்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஊசி கிடையாது. தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நேரெதிர். 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, இடைப்பால் குழந்தைகள் மீதான இந்த அறுவைகளையும் எடுத்துப் பேசினார். அப்படி ஒரு குழந்தை பிறப்பது வெட்கப்படவோ கூச்சப்படவோ வேண்டிய விஷயமில்லை என்று பெற்றோருக்கு உணர்த்த வேண்டும் என்றார். ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்தான நிலையைத் தவிர இத்தகைய அறுவைகளுக்குத் தடை விதித்து ஆணை பிறப்பித்தது. இந்தியாவில் முதல் முறை. குழந்தையின் நலன் என்ற அதே சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு அரசுகள் எதிரெதிர்த் திசையில் போயின; ஒன்று குழந்தை தானே சொல்லும் வரை கத்தியை எடுக்காதே என்றது, மற்றொன்று குழந்தை என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே என்றது.

நான் சொன்ன குடும்பத்துக்கு இன்னொரு பூட்டும் உண்டு. அவர்கள் ஹெச்-1பி விசாவில் இருந்தார்கள். பச்சை அட்டைக்கான வரிசையில் வருடக்கணக்கில் நிற்பவர்கள். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று வீட்டை விற்றுவிட்டு மினசோட்டாவுக்கோ கலிஃபோர்னியாவுக்கோ போகலாம். அங்கே இந்தச் சிகிச்சைக்காக வருவோரை வேறு மாநிலத்துக்குக் காட்டிக்கொடுக்காத சட்டங்கள் உள்ளன. ஹெச்-1பிக்காரர் அப்படி மூட்டை கட்ட முடியாது. விசா நிறுவனத்தோடும் வேலை செய்யும் ஊரோடும் கட்டப்பட்டது. ஊர் மாறினால் நிறுவனம் புதிதாக மனுப்போட வேண்டும். நிறுவனம் மறுத்தால் வேறு வேலை தேட வேண்டும். காரணத்தை மேலாளரிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் கேட்கவும் வழியில்லை. குழந்தை வதை என்ற சொல் கோப்பில் எங்காவது ஏறினால் குடியேற்ற அலுவலகத்தில் என்ன ஆகும் என்ற கலக்கம் வேறு. விசாரணையால் மட்டும் விசா போகாது, தண்டனை வந்தால்தான் சிக்கல் என்று வழக்கறிஞர் சொன்னார். அது அவர்களைத் தூங்கவைக்கவில்லை. இவ்வளவுக்கும் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் கூடப் பெரும்பாலோருக்கு இது தெரியாது. தெரிந்த இரண்டு மூன்று குடும்பங்கள் வீட்டுக்கு அழைப்பதை நிறுத்திக்கொண்டன.

பின்னால் வந்தவை இன்னும் வேகமாக வந்தன. 2024 ஆகஸ்டில் ஓட்டுநர் உரிமத்தில் பாலினத்தை மாற்றுவதை, நீதிமன்ற ஆணை இருந்தாலும் ஏற்க மாட்டோம் என்று மாநிலம் நிறுத்தியது. 2025 செப்டம்பரில் அமலான ஒரு சட்டம், மாணவரின் பாலின மாற்றத்துக்குப் பள்ளி ஊழியர் எவ்வகையிலும் உதவக் கூடாது என்றது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் உதவிதான் என்று எடுத்துக்கொண்ட பள்ளி நிர்வாகங்கள், பெற்றோரே எழுதிக் கொடுத்தும் பழைய பெயரையே வருகைப் பதிவில் வாசித்தன. இப்போது பொதுக் கழிப்பறைச் சட்டமும் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் விரித்தால் நேரம் போதாது.

நம் ஊர் எங்கே நிற்கிறது? 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, திருநராக இருக்கிறது என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றது; குழந்தையின் நலன் கருதி நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டுமே பிரிக்கலாம். அந்தச் சட்டத்தில் குறைகள் ஏராளம், திருநர் அமைப்புகள் அவற்றைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ ஒரு திருநரை வெளியேற்றுவது தண்டனைக்குரியது என்றும் அதே சட்டம் சொன்னது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை சொன்னார். பெற்றோருக்குப் புரியவைக்கும் நிகழ்ச்சிகள் நடத்தச் சொன்னார். எழுத்தில் நாம் டெக்சாஸைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறோம்.

வீட்டுக்குள் போனால் கதை வேறு. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'வும் ரேவதியின் 'வெள்ளை மொழி'யும் படித்தவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுத் திருநங்கையர் பலரின் வாழ்க்கை, அப்பாவின் அடியிலோ அண்ணனின் அடியிலோ தொடங்கி ரயில் நிலையத்துக்குப் போகிறது. டெக்சாஸில் வீடு பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அரசு பிரித்தெடுக்கப் பார்க்கிறது. இங்கே சட்டம் சேர்ந்திருங்கள் என்கிறது, வீடு வெளியே தள்ளுகிறது. அதனால்தான் இந்த மன்றத்தில் டெக்சாஸைப் பேசுகிறேன். பெற்றோர் பக்கத்தில் நின்றுவிட்டால் ஒரு திருநர் குழந்தை கிளாரினெட் வாசிக்கும், புளியோதரைக்குக் கவலைப்படும், கணக்கில் மதிப்பெண் குறைந்தால் அழும் சாதாரணக் குழந்தையாக வளரும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். நம் பெற்றோர் பலருக்கு அப்படி ஒரு குழந்தையைப் பார்க்கும் வாய்ப்பே அமைந்ததில்லை. அவர்கள் பார்ப்பதெல்லாம் வீட்டை விட்டு ஓடியவர்களை மட்டுமே. ஓடவைத்தது யார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆச்சி அந்தக் கடிதத்தை எழுதியபோது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது தெரியும். அவரே சொல்லிவிட்டார்.

பெற்றோர் ஒன்றுகூடுவதன் வலிமைக்கு அமெரிக்காவில் பழைய முன்னுதாரணம் உண்டு. 1972இல் நியூயார்க்கில் ஜீன் மேன்ஃபோர்டு என்ற பள்ளி ஆசிரியை, தன்பால் ஈர்ப்புள்ள தன் மகனோடு ஊர்வலத்தில் பதாகை ஏந்தி நடந்தார். மறு ஆண்டு ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் இருபது பேர் அளவில் கூடினார்கள். அதுவே பிஃப்ளாக் என்ற பெற்றோர் அமைப்பாக நாடு முழுவதும் வளர்ந்தது. 2022இல் ஆளுநரின் கடிதத்தை எதிர்த்து டெக்சாஸில் வழக்காடிய அமைப்பு அதுதான். தன் உறுப்பினர்களை விசாரிக்கக் கூடாது என்ற தடையையும் அது பெற்றது. 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உறுப்பினர் அட்டை ஒன்று ஒரு வீட்டு வாசலுக்குக் காவலாக நின்றது. அதற்கு முந்தைய மாதம்தான் பாக்ஸ்டன் அந்த அமைப்பின் ஆவணங்களைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அதையும் நீதிமன்றத்தில் தடுத்தார்கள்.

கடைசியாக, சட்டம் படிப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை விட்டுச்செல்ல விரும்புகிறேன். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று முடிவெடுக்கும் பெற்றோரின் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இன் மேயர் வழக்கிலிருந்தே அங்கீகரித்து வந்திருக்கிறது. பள்ளிப் பாடத்திலும் நூலகப் புத்தகங்களிலும் பெற்றோர் உரிமை என்று முழங்கும் கட்சிதான் டெக்சாஸில் ஆள்கிறது. ஆனால் 2024 ஜூன் 28 அன்று அம்மாநில உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சிகிச்சைத் தடைச் சட்டத்தை நிலைநிறுத்தியது. பெற்றோர் உரிமை அடிப்படை உரிமைதான், எனினும் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. நீதிபதி டெப்ரா லேர்மன் மட்டும் மாறுபட்டார். பெற்றோரின் உரிமையை இந்தத் தீர்ப்பு பறிக்கிறது என்று நீண்ட எதிர்த்தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டு ஜூன் 18 அன்று, டென்னசி மாநிலத்தின் இதே போன்ற சிகிச்சைத் தடைச் சட்டம் பற்றிய ஸ்கிர்மெட்டி வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று மாநிலத்தின் பக்கம் நின்றது. அந்த வழக்கில் சம உரிமைக் கேள்வியை மட்டுமே அது விசாரணைக்கு எடுத்தது. பெற்றோரின் உரிமையைத் தொடவில்லை.

அதே 2025 நவம்பரில் டெக்சாஸ் வாக்காளர்கள் தங்கள் மாநில அரசமைப்பில் ஒரு திருத்தத்தைப் பெரும்பான்மையாக ஏற்றார்கள். பிள்ளையைப் பேணிக் காக்கும் பொறுப்பும், வளர்ப்பு குறித்து முடிவெடுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு என்று அது இப்போது அரசமைப்பின் வாசகமாகவே நிற்கிறது. எந்தப் பெற்றோர், எந்தப் பிள்ளை என்ற வரம்பு எதுவும் அதில் இல்லை. இனி ஏதோ ஒரு மாவட்ட நீதிமன்றத்தில், கையில் தடித்த கோப்போடு, ஒரு தகப்பனோ தாயோ அந்தப் பிரிவைச் சுட்டி மனுத் தாக்கல் செய்வார்கள் என்று நம்புகிறேன். அன்று அந்த நீதிபதி, வளர்ப்பு என்பதற்குள் இவர்களின் பிள்ளை அடங்குமா அடங்காதா என்று எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் நீங்கள் லேர்மனின் எதிர்த்தீர்ப்பையும் நம் மதுரைக் கிளைத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிடுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த மாதம் உங்கள் பேராசிரியர் இதன்மேல் ஒரு வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார், நானும் வருகிறேன்.